வாசலில் நின்றவனுக்குக் கணிதம் எப்படி வரும்?

எட்டாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் கிழமையில் மூன்று நாளாவது பிந்தித்தான் வருவான். அம்மா விடியவே காமன்ட் பஸ் ஏறிவிடுவா. தங்கச்சியை அம்மம்மா வீட்டில் விட்டுவிட்டு அவன் சைக்கிள் மிதித்து வர ஏழரை தாண்டிவிடும். பிந்தி வந்தவர்கள் முதல் பாடம் முடியுமட்டும் வாசலில் நிற்க வேண்டும். எங்கட முதல் பாடம் பெரும்பாலும் கணிதம்.

சாதாரண தரத்தில் அவனுக்குக் கணிதம் சித்தியில்லை. "அவனுக்கு மண்டைக்குள்ள ஏறாது" என்று கதையை முடித்துவிட்டார்கள். இன்றைக்கு அவன் மேசன். ஒரு சுவருக்கு எத்தனை கல், எத்தனை பை சீமெந்து என்று நின்ற நிலையில் சொல்லுவான்.

இப்ப யோசித்தால் ஒன்று உறுத்துது. அவன் பிந்துவது வாசலில் நின்ற மாணவத் தலைவர்களுக்குத் தெரியும். பின்னம் பிழைப்பது கணித சேருக்குத் தெரியும். வீட்டு நிலைமை வகுப்பு ரீச்சருக்கு ஓரளவு தெரியும். காலையில் சாப்பிடாமல் வாறான் என்பது விளையாட்டு சேருக்குத் தெரியும். ஆளுக்கொரு துண்டு கையில் இருந்தது. நாலையும் ஒரு மேசையில் சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

எங்கட பாடசாலைகளில் உதவியே இல்லை என்று சொல்ல வரவில்லை. அது பிந்தி வருகுது. பத்தாம், பதினோராம் தரத்தில் மாலை வகுப்பு, மாதிரி வினாத்தாள், கருத்தரங்கு என்று எல்லாம் நடக்கும். ஆறாம் தரத்தில் பின்னம் விளங்காத பிள்ளைக்குப் பதினோராம் தரத்தில் திரிகோண கணிதக் கருத்தரங்கு வைத்து என்ன பிரயோசனம்? கட்டாயக் கல்வி வயதை 2016இல் 16ஆக உயர்த்தினார்கள். நல்லது. ஆனால் வாங்கில் இருப்பதும் படிப்பதும் ஒன்றில்லை.

பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், கணிதமும் தமிழும் படிப்பிக்கிறவர்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஒரு பாடவேளை. வரவு இடாப்பையும் தவணைப் புள்ளிகளையும் கொண்டு வந்து இருக்கட்டும். யாருடைய வரவு குறையுது, யாருடைய புள்ளி திடீரென்று இறங்கியிருக்கு, யாருடைய கொப்பி வெறுமையாகக் கிடக்குது என்று பார்க்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன வேலை, அதற்குப் பொறுப்பாக ஒரு ஆள், திரும்பிப் பார்க்க ஒரு திகதி. ஆறு கிழமையில் மாற்றமில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லாமல் வழியை மாற்ற வேண்டும்.

என் நண்பனுக்கு என்ன தேவைப்பட்டது? வாசலில் நிற்காமல் நேரே வகுப்புக்கு வர அனுமதி. பின்னத்தை மட்டும் திரும்பச் சொல்லித்தரக் கிழமையில் இரண்டு இடைவேளை. இதற்குக் காசு வேண்டாம். கண் பரிசோதனையும் கண்ணாடியும் தேவைப்படுகிற பிள்ளைக்கு வேண்டுமானால் கொஞ்சம் செலவாகும்.

ஒரு பயமும் இருக்கு. இந்தப் பட்டியல் காலைக் கூட்டத்தில் வாசிக்கிற "மொக்கர் லிஸ்ட்" ஆகிவிடக்கூடாது. அது அந்தக் குழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும். முடிவெடுக்க முதல் பிள்ளையிடமும் கேட்க வேண்டும். அவனிடம் "ஏன் பிந்தினாய்?" என்று கேட்டவர்கள் நிறையப்பேர். பதிலுக்காக ஒருவரும் நிற்கவில்லை.

ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பீர்கள். உண்மை. ஆட்பற்றாக்குறை உள்ள பாடசாலைகளில் ஒருவரே மூன்று பாடம் எடுக்கிறார். ஆனால் ஆறாம் தரத்தில் கொடுக்காத அந்த நாற்பது நிமிடத்தை, பதினோராம் தரத்தில் பல மாலைகளாகக் கொடுக்க வேண்டி வருகுது.

நாங்களும் இதில் சுத்தவாளிகள் இல்லை. பல்கலைக்கழகம் போனதும் ஓ.எல் பிள்ளைகளுக்குக் கருத்தரங்கு வைக்கிறோம், படம் எடுத்து முகநூலில் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். பழைய மாணவர் சங்கங்கள் 9ஏ எடுத்தவர்களுக்குப் பதாகை அடிக்கின்றன. அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அதிபரிடம், "ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் சேர்?" என்று ஒருக்கா கேட்டுப் பாருங்கோ. ஒரு தவணைக்குச் சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம் போதும். பதாகை அடிக்க ஒன்றும் இருக்காது. வாசலில் நிற்கிற ஒரு பிள்ளை உள்ளே வரும்.