பழைய லென்ஸ் வேஸ்ட்டா? நாலு லட்சம் லோன் போடும் முன் பையைத் திறந்து பாருங்க

காளவாசல் மேம்பாலத்துக்குப் பக்கத்துல ஸ்டுடியோ வச்சிருக்கிற ஒரு தம்பி போன வாரம் கையில கொட்டேஷனோட வந்தார். நம்ம சேனலை ஆரம்பத்துல இருந்து பார்க்கிறவர்.

"அண்ணே, நிக்கான் டி750-ஐ கொடுத்துட்டு மிரர்லெஸ்ஸுக்குப் போயிரலாம்னு இருக்கேன். பழைய லென்ஸ் எல்லாம் இனிமே வேஸ்ட்டுன்னு கடையில சொல்றாங்க. எல்லாத்தையும் எக்ஸ்சேஞ்சுல போட்டும் நாலு லட்சம் துண்டு விழுது. பெர்சனல் லோன் போட்ருவமாண்ணே?"

லோனை அப்புறம் பார்ப்போம் தம்பி, முதல்ல லென்ஸ் பையைத் திறங்கன்னு சொன்னேன்.

உள்ளே நாலு லென்ஸ். கல்யாண வேலைக்கு 24-70 ஒண்ணு, 70-200 ஒண்ணு. ரெண்டுமே 2.8 அப்பெர்ச்சர், ஏ.எஃப்-எஸ் வகை. போர்ட்ரெய்ட்டுக்கு 85 மி.மீ. 1.8 டி. நாலாவது, அவங்க அப்பா ஃபிலிம் கேமராவுல போட்டு எடுத்த 50 மி.மீ. மேனுவல் லென்ஸ். இதுல எது வேஸ்ட், எது காசு? அதைத் தீர்மானிக்கிறது லென்ஸோட வயசு இல்லைங்க. மவுண்ட்.

மவுண்ட்டுன்னா லென்ஸும் கேமராவும் பூட்டிக்கிற அந்த வளையம். அந்த வளையத்துல இருந்து சென்சார் வரைக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் வேற வேற. நிக்கான் 1959-ல கொண்டுவந்த எஃப் மவுண்ட்டுல அது 46.5 மி.மீ. 2018-ல வந்த இசட் மவுண்ட்டுல வெறும் 16 மி.மீ. நடுவுல கண்ணாடி போய் மேல அடிக்க வேண்டியதில்லைங்கிறதால தூரம் குறைஞ்சுபோச்சு. மிச்சம் 30.5 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்புற குழாய்தான் எஃப்.டி.இசட் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, அதனால படத்தோட தரம் குறையாது.

இதுல ஒரு விதி இருக்கு, மனசுல வச்சுக்கோங்க. லென்ஸ் கேட்கிற தூரம் கேமரா தூரத்தை விட அதிகமா இருந்தா, நடுவுல அடாப்டர் போட இடம் இருக்கும். குறைவா இருந்தா இடமே இல்லை. கட்டாயப்படுத்தி மாட்டினாலும் தூரத்துல இருக்கிறது ஃபோகஸ் ஆகாது. அதனால பழைய எஃப் லென்ஸ் புது இசட் பாடியில வேலை செய்யும். புது இசட் லென்ஸ் பழைய டி750-ல வேலை செய்யாது.

இப்ப தம்பியோட பைக்கு வருவோம். ஏ.எஃப்-எஸ் லென்ஸ்ல ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளயே இருக்கு. அதனால 24-70, 70-200 ரெண்டும் எஃப்.டி.இசட் வழியா ஆட்டோஃபோகஸோட ஓடும். பையில இருக்கிற பணத்துல பெரும்பங்கு இந்த ரெண்டுலதான் இருக்கு. கடைக்காரர் வேஸ்ட்டுன்னு சொன்னதும் இதைத்தான்.

85 மி.மீ. டி லென்ஸ் கதை வேற. அதுக்குள்ள மோட்டார் இல்லை, கேமராவுல இருக்கிற மோட்டார்தான் ஒரு ஸ்க்ரூ மூலமா அதைத் திருப்பும். டி750-ல அந்த மோட்டார் உண்டு. எஃப்.டி.இசட் அடாப்டர்ல, முதல் மாடலானாலும் ரெண்டாவது மாடலானாலும், இல்லை. அப்போ இசட் பாடியில இது கையால ஃபோகஸ் பண்ற லென்ஸ் ஆயிரும். தாலி கட்டுற அந்த சில நொடியில கையால ஃபோகஸ் திருப்பிக்கிட்டு நிக்க முடியுமா? இதை விற்கலாம். டி.எஸ்.எல்.ஆர். வச்சிருக்கிற ஒருத்தருக்கு இது இன்னும் நல்ல லென்ஸ்தான். எக்ஸ்சேஞ்சுல தள்ளாம நேரடியா விலை பேசுங்க.

அப்பாவோட 50 மி.மீ. எப்பவுமே மேனுவல்தான். அதுக்கு இழப்பு எதுவும் இல்லை, லாபம்தான். ஃபுல் ஃபிரேம் இசட் பாடிக்குள்ள இருக்கிற ஸ்டெபிலைசேஷன் அதுக்கும் கிடைக்கும், ஃபோகஸ் ஆன ஓரங்களைத் திரையில கலர்ல காட்டும். மெனுவுல ஃபோக்கல் லெங்த்தை மட்டும் பதிஞ்சு வச்சுக்கணும்.

சரி, இப்ப பணக் கணக்கு. நாலு லட்சம், 14 சதவீத வட்டி, 36 மாசம்னு வச்சுக்குவோம். மாசத் தவணை சுமார் 13,670 ரூபாய். வட்டி மட்டும் 92,000 ரூபாய்க்கு மேல. லென்ஸை வச்சுக்கிட்டு பாடியும் அடாப்டரும் மட்டும் வாங்கினா, அவர் கொட்டேஷன் படி டி750-ஐக் கொடுத்தது போக 1,60,000 ரூபாய் போதும். அதே வட்டிக்குத் தவணை சுமார் 5,470 ரூபாய், மொத்த வட்டி 37,000 ரூபாய்க்குள்ள. மாசம் 8,200 ரூபாய் வித்தியாசம். முகூர்த்தம் இல்லாத ஆடியிலயும் மார்கழியிலயும் தவணை தேதி மட்டும் தவறாம வரும்ங்கிறதை மறந்துராதீங்க.

"எங்கிட்ட கேனான்"னு சொல்றவங்களுக்கும் இதே கணக்குதான். 1987-ல கேனான் எஃப்.டி. மவுண்ட்டை விட்டுட்டு இ.எஃப். மவுண்ட்டுக்குப் போனப்ப, பழைய லென்ஸ் வச்சிருந்தவங்களுக்கு நேரான வழி கிடைக்கலை. 2018-ல ஆர்.எஃப். வந்தப்ப அந்தச் சிக்கல் இல்லை. அவங்க அடாப்டர் போட்டா இ.எஃப். லென்ஸ் ஆட்டோஃபோகஸோட வேலை செய்யும். ஆனா யூடியூபுக்காக எம்50 வாங்கினவங்க கவனிங்க. அது 2012-ல வந்த இ.எஃப்-எம் மவுண்ட், தூரம் 18 மி.மீ. ஆர்.எஃப். 20 மி.மீ. மேல சொன்ன விதிப்படி அடாப்டருக்கு இடமே இல்லை. அந்த லென்ஸ்களுக்கு அடுத்த பாடி கிடையாது. அதுல புதுசா காசு போடாதீங்க.

என் கருத்து இதுதான். லென்ஸ் தங்கம் இல்லை, விலை ஏறாது. ஆனா பாடியை விட ரொம்ப காலம் சம்பாதிச்சுக் கொடுக்கும். அதனால பாடியையும் லென்ஸையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. முதல்ல பாடி, அடாப்டர். ஒரு சீசன் ஓட்டுங்க. எந்த லென்ஸ் உண்மையிலேயே வேலையைத் தடுக்குதோ அதை மட்டும், வந்த அட்வான்ஸ்ல இருந்து மாத்துங்க.

புது லென்ஸ் நல்லா இருக்காதான்னு கேட்டா, இருக்கும். வெயிட் குறைவா, வீடியோவுல சத்தம் இல்லாம ஓடும். உங்க வருமானத்துல பாதி வீடியோவுல இருந்து வருதுன்னா அந்தச் செலவுக்கு நியாயம் இருக்கு. "பக்கத்து ஸ்டுடியோ மாத்திட்டாரு"ங்கிறது நியாயம் ஆகாது.

கடைக்குப் போறப்ப உங்க லென்ஸையும் ஒரு மெமரி கார்டையும் எடுத்துட்டுப் போங்க. அடாப்டரோட மாட்டி எடுத்துப் பாருங்க. டாம்ரான், சிக்மா பழைய லென்ஸ்கள்ல சிலது மக்கர் பண்ணும். டி.எக்ஸ். லென்ஸ்னா 24 மெகாபிக்சல் பாடியில சுமார் 10 மெகாபிக்சல்தான் கிடைக்கும். டார்ச் அடிச்சு உள்ளே பூஞ்சை இருக்கான்னும் பாருங்க. பூஞ்சை பிடிச்ச லென்ஸைச் சொத்துக் கணக்குல சேர்க்காதீங்க.

தம்பி கடைசியா பாடியும் அடாப்டரும் மட்டும் எடுத்தார். 85-ஐ விற்கப் போட்டிருக்கார். அப்பா லென்ஸை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கிற பேச்சையே விட்டுட்டார்.

உங்க பையில என்ன மவுண்ட் இருக்கு? கமெண்ட்ல எழுதுங்க, சேர்ந்தே கணக்குப் போடுவோம்.