ஆய்வு முடிவை ஆள் கணக்கில் சொல்லலாம்



புற்றுநோய் சிகிச்சை ஆய்வின் முடிவு, சதவீதத்தைவிட ஆள் கணக்கில் சொல்லும்போதுதான் நோயாளிக்கு விளங்கும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை நடத்திய ஓர் ஆய்வில், தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேர் சேர்ந்தனர். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஒரு குழுவுக்கு மாத்திரைகள் மட்டும். மற்றதற்கு அவற்றுடன் நிவோலுமாப் என்ற நோய் எதிர்ப்பாற்றல் மருந்து, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக. ஓராண்டு முடிவில் முதல் குழுவில் நூற்றுக்கு 16 பேரும், இரண்டாவதில் 43 பேரும் உயிருடன் இருந்தனர். விலை உயர்ந்த மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தே கிடைத்த இப்பலன் ஏழை நோயாளிகளுக்குப் பெரிய செய்தி. ஆனால் இரண்டாவது குழுவில் நூற்றுக்கு மீதி 57 பேர் ஓராண்டுக்குள் இறந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பலன் இரு மடங்குக்கு மேல் என்று மட்டும் சொன்னால், கேட்பவர் நோய் குணமாகிவிடும் என்றே எடுத்துக்கொள்வார்.

முடிவைச் சொல்வதில் மட்டுமல்ல, ஆய்வில் சேர்க்கும்போதும் இந்தத் தெளிவு வேண்டும். ஆய்வில் சேரும் முன் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகள். படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலையான சாட்சி உடனிருக்க வேண்டும். சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் அவருக்கு உரிய வழக்கமான சிகிச்சை நிற்காது. எங்கள் ஊரான உச்சிப்புளியிலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ போய்வரும் குடும்பத்துக்கு, கூடுதலாக எத்தனை முறை வர வேண்டும், கூலி இழப்பும் பயணச் செலவும் யார் பொறுப்பு என்பவையும் அந்த விளக்கத்தில் இருப்பது அவசியம்.

— ஒரு வாசகர், உச்சிப்புளி