மூணடி மண்ணு கேக்குறோம் சாமி!

போன மாசம் ஹாஸ்டல் ரூமுக்குள்ள ஒரு பெரிய வாக்குவாதம். நம்ம கிளாஸ்ல சைக்கிள் பைத்தியம் பிடிச்ச நாலு பேர் இருக்காங்க, உங்களுக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை விடிகாலை கிளம்பி எங்கயாவது போயிட்டு வந்து, திங்கக்கிழமை கிளாஸ்ல தூங்குவாங்களே, அவங்களேதான் :-) அவங்கதான் கேட்டாங்க: "டேய், நீ திருத்தணிக்காரன்தானே? அந்தப் பக்கம் மலை ரூட் நல்லாருக்குமாமே, ஒரு மேப் போட்டுக் குடு."

போட்டுக் குடுத்தேன். குடுத்துட்டு ராத்திரி தூக்கம் வரல. அதான் இந்தப் பதிவு.

முதல்ல மேப். எங்க ஊரை மலை ஊர்னு சொன்னா ஏலகிரிக்காரன் சிரிப்பான். அங்க 14 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில 70. எங்க பக்கம் ரோடு மலைமேல ஏறாது, ரெண்டு மலைக்கு நடுவுல நுழைஞ்சு போகும். கிழக்குத் தொடர்ச்சி மலை உடைஞ்சு உடைஞ்சு சிதறிக் கெடக்குற இடம். ஏறுறதுக்குன்னு இருக்குறது முருகன் மலை ஒண்ணுதான். வருஷத்துக்கு நாள் எத்தனையோ அத்தனை படி, 365. பக்கத்துலயே வண்டி ஏற ரோடும் இருக்கு.

ரூட்டு மூணு.

1. திருத்தணி - நகரி - புத்தூர். இது நெடுஞ்சாலை. பழைய 205, இப்ப 716. நகரி மூக்கு மலை கூடவே வரும்.

2. திருத்தணி - பொதட்டூர்பேட்டை - பள்ளிப்பட்டு. தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே போகலாம். அதைத் தாண்டினா ஆந்திரா, கார்வேட்டிநகரம்.

3. திருத்தணி - ஆர்.கே.பேட்டை - சோளிங்கர். எதுத்தாப்ல நரசிம்மர் மலை. அந்த 1305 படிக்கு 2024ல ரோப் கார் வந்தாச்சு.

ரெண்டாவது ரூட்டை மேப்ல கோடு போடும்போதுதான் கை நின்னுச்சு. அந்த ரூட்லதான் எங்க அப்பா விழுந்தாரு.

அப்பா பொதட்டூர்பேட்டையில லுங்கித் தறிக்குப் போறவரு. எங்க ஊர்ல இருந்து ஆறு கிலோமீட்டர். எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து சைக்கிள்தான். 2023 ஐப்பசி மாசம், லேசா மழை, சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்துட்டு இருந்தாரு. பின்னால ஒரு வேன். ஹாரன் அடிச்சான், இவரு ஒதுங்கினாரு. ஒதுங்க அங்க என்ன இருக்கு? தாரு முடியிற இடத்துல அரையடிப் பள்ளம். முன் சக்கரம் இறங்கிச்சு, ஆளு குப்புற விழுந்தாரு. காறை எலும்பு முறிஞ்சுது. வேன் நிக்கல. ரெண்டு மாசம் தறி இல்ல, கூலியும் இல்ல. அதுக்கப்புறம் அம்மா சைக்கிளைத் தொட விடல. கடன் வாங்கி பழைய டிவிஎஸ் எக்ஸெல் ஒண்ணு எடுத்தோம். இன்னைக்கும் கடன் கட்டிட்டு இருக்கோம், அது போக பெட்ரோல்.

தங்கச்சிக்கு +1ல அரசாங்கம் சைக்கிள் குடுத்துச்சு. அது வீட்டுத் திண்ணையில சாத்தி வெச்சிருக்கு. "அந்த ரோட்ல பொம்பளப் புள்ளைய விடமாட்டேன்"னு அம்மா ஒரே பிடி. அவ ஷேர் ஆட்டோல பன்னண்டு பேரோட தொங்கிட்டுப் போறா. யோசிச்சுப் பாருங்க. 2001-02ல ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு, 2005-06ல பசங்க பொண்ணுங்க எல்லாருக்கும்னு விரிஞ்ச திட்டம். புள்ளைங்க படிப்பை நிறுத்தாம இருக்கணும்னு கொண்டு வந்தது. சைக்கிளைக் குடுத்தாச்சு, ஓட்டுறதுக்கு ரோட்டுல எடம் குடுக்கல. செருப்பு வாங்கிக் குடுத்துட்டு முள்ளுல நடன்னு சொல்ற மாதிரி.

"அதுக்குத்தான்டா ரோட்டை அகலப்படுத்துறாங்க"ன்னு ஒருத்தன் சொன்னான். இங்கதான் எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. நான் படிக்கிறது சிவில். கணக்காவே பேசுவோம்.

கிராமத்துப் பக்கம் அஞ்சரை மீட்டர் தார் ரோடுன்னு வெச்சுக்குங்க. ஒரு பஸ்ஸோட அகலம் சுமாரா ரெண்டரை மீட்டர். எதிரும் புதிருமா ரெண்டு பஸ் வந்தா அஞ்சு மீட்டர் போச்சு. மிச்சம் அரை மீட்டர். சைக்கிளோட ஹேண்டில்பாரே அரை மீட்டருக்கு மேல! ஆளு லேசா ஆடி ஓட்டுறதையும் சேத்தா ஒரு மீட்டர் வேணும். ஆக, ரெண்டு பஸ் சந்திக்கிற நேரத்துல சைக்கிள்காரன் ரோட்ல இருக்கவே கூடாது. சரி, அகலப்படுத்தி ஏழு மீட்டர் ஆக்கினா? வேகம் கூடும். முன்னாடி நாப்பதுல வந்தவன் எண்பதுல வருவான். ஓரத்துல மண்ணு கொட்டி மட்டம் பண்ணலன்னா பள்ளம் அதே பள்ளம்தான். எண்பதுல வர்றவன்கிட்ட இருந்து அரையடிப் பள்ளத்துக்குள்ள ஒதுங்கணும். இது வளர்ச்சியாம்.

அந்தப் பள்ளம் எப்படி வருதுன்னு தெரியுமா? சில வருஷத்துக்கு ஒருதரம் பழைய தாருக்கு மேலயே புதுத் தாரு போடுறாங்க. ரோடு ஒவ்வொரு தரமும் ரெண்டு விரக்கடை ஒசருது. ஓரத்து மண்ணு ஒசரல, மழையில அது கரைஞ்சு இன்னும் கீழதான் போகுது. மண்ணு அடிச்சு ஓரத்தை நிரப்பறதும் ரோட்டு வேலைதான். ஆனா தாரு போட்டா பளபளன்னு போட்டோல தெரியும், மண்ணு போட்டா தெரியாது.

இன்னொரு வேடிக்கை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1962லயே சைக்கிள் பாதைக்கு ஒரு வழிகாட்டி போட்டுச்சு. மணிக்கு 200 மோட்டார் வண்டிக்கு மேல போற ரோடா இருந்தா, நெரிசல் நேரத்துல மணிக்கு 100 சைக்கிள் போனாலே தனிப் பாதை போடலாம்னு அதுல இருக்கு. வண்டி அதை விடக் கொறைச்சலா இருந்தா 400 சைக்கிள் வேணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னைக்கு எங்க ரோட்ல வந்து நின்னு எண்ணினா நூறு தேறுமா? தேறாது. எங்க அப்பா எக்ஸெல்லுக்கு மாறிட்டாரு, தங்கச்சி ஆட்டோல போறா. பயந்து ஒதுங்கினவங்க எவனோட கணக்குலயும் வரமாட்டாங்க. விரட்டி விட்டுட்டு, "யாருமே இல்லையே, யாருக்குப் பாதை?"ன்னு கேக்குறது எந்த ஊர் நியாயம்?

யாருமே இல்லைன்னும் சொல்லிட முடியாது. 2011 சென்சஸ்படி நாட்டுல நூறு வீட்டுல சுமார் 45 வீட்டுல சைக்கிள் இருந்துச்சு. 2022ல மட்டும் இந்திய ரோடுகள்ல செத்தவங்க 1,68,491 பேர். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில முதல் எடம் நம்ம தமிழ்நாடு. நாம எதுலதான் முதல் எடம் வாங்கல!

இப்ப நம்ம ஞாயித்துக்கிழமை சைக்கிள் நண்பர்களுக்கு. கோவிச்சுக்காதீங்க, நானும் உங்க கூட வந்தவன்தான். உங்கள்ல ஒருத்தனோட கியர் சைக்கிளை இரவல் வாங்கி, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, எங்க ஊர் ரோட்டுலயே ஓட்டினேன். டீக்கடையில "சார், எந்த ஊரு, மெட்ராஸா?"ன்னு மரியாதையா கேட்டாங்க. எல்லை தாண்டினதும் அதையே தெலுங்குல கேட்டாங்க. ஒரு பஸ் டிரைவர் வேகம் கொறைச்சு, ஒதுங்கிப் போனாரு. அதே ரோட்ல, அதே மாதிரி பஸ்ஸு, எங்க அப்பாவுக்கு ஹாரன்தான் அடிக்கும். அவரு முப்பது வருஷமா தினம் பன்னண்டு கிலோமீட்டர் ஓட்டினவரு. அவரு எந்த ஸ்ட்ராவாவுலயும் இல்ல. கணக்கு போட்டா உங்க எல்லாரையும் விட அவரு தூரம் ஜாஸ்தி.

நீங்க போட்டோ போட்டு "காலியான ரோடு, சொர்க்கம்"னு எழுதுறீங்க. அது ஏன் காலியா இருக்குன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணிக்கு டிப்பர் லாரி கம்மி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாருங்க. கரும்பு வெட்டு சீசன்ல திருவாலங்காடு மில்லுக்குப் போற டிராக்டரைப் பாருங்க. ரெண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கிட்டு இருக்கும், சைக்கிள்காரன் முகத்துல கீறிட்டுப் போகும்.

எதிர்வாதத்தையும் சொல்லிடறேன். "உங்க ஊருக்கு ஆம்புலன்ஸ் வேணாமா, பஸ் வேணாமா?" வேணும். தறியில நெஞ்ச லுங்கி லாரியிலதான் போகணும். அப்பா விழுந்தன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் இதே தார் ரோட்லதான். ரோடே போடாதீங்கன்னு நான் சொல்லல. "மலைப் பக்கத்துல அகலமா போட எடம் ஏது?"ன்னும் கேட்டாங்க. நான் கேக்குறது நாலு வழிச் சாலை இல்லீங்க. தாருக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணு அடி, தாரு மட்டத்துக்கே கெட்டியா அடிச்ச கிராவல் மண்ணு. அவ்வளவுதான். ஆடிக் கிருத்திகைக்கு காவடி தூக்கி நடந்து வர்றவங்களுக்கும் அது ஒதவும். புரட்டாசியில திருப்பதிக்கு நடக்குறவங்களுக்கும் ஒதவும்.

எங்க ஊரு இந்தப் பக்கம் இருக்குறதே ஒரு சண்டையாலதான். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் எல்லைக்காகப் போராடினாங்க, 1960 ஏப்ரல் 1ல திருத்தணி சென்னை மாநிலத்தோட சேந்துச்சு. ஒரு தாலுகாவுக்காக ஜெயிலுக்குப் போன ஊரு இது. அந்த எல்லைக்குப் போற ரோட்டோரத்துல மூணடி மண்ணுக்குச் சண்டை போட இன்னைக்கு ஒரு ஆளைக் காணோம்.

அதனால மேப் கேட்ட நண்பர்களுக்கு ஒரு கண்டிஷன். ரூட் மூணும் உங்களுக்குத்தான், தாராளமா போங்க. போற வழியில தாருக்கும் மண்ணுக்கும் நடுவுல எங்கெல்லாம் பள்ளம் இருக்கோ, ஒரு ஸ்கேல் வெச்சு அளந்து, போட்டோ எடுத்துட்டு வாங்க. எல்லாத்தையும் கிலோமீட்டர் கல்லு நம்பரோட தொகுத்து, நெடுஞ்சாலைத் துறைக்கு மனு நான் எழுதறேன். கையெழுத்து எல்லாரும் போடணும். நகரிப் பக்கம் போறவங்க தெலுங்கு தெரிஞ்ச ஒருத்தனைக் கூட்டிட்டுப் போங்க, அங்கயும் இதே பள்ளம்தான்.

தங்கச்சிக்கு +2 முடிய இன்னும் ஏழு மாசம் இருக்கு. அதுக்குள்ள அந்தச் சைக்கிள் ஒரு நாளாவது திண்ணையை விட்டு இறங்கணும்.

திட்டுறவங்க திட்டலாம். ஆனா அளந்துட்டு வந்து திட்டுங்க :-)