கோலம் போட்ட கை ஐஸிங்கும் போடும்

போன இதழில் முட்டையில்லாத கேக் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? "கேக் நன்றாக வந்தது, மேலே பூ வைப்பது எப்படி?" என்று சில சகோதரிகள் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்!

போன வருஷம் ஏப்ரலில் என் இளைய மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். "கடையில் எதற்குத் தண்டச் செலவு? நானே செய்கிறேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். மதுரை வெயில் தெரியுமே! கேக் ஆறுவதற்குள் அவசரப்பட்டு ஐஸிங்கைத் தடவினேன். அது வழுக்கிக்கொண்டு தட்டில் இறங்கிவிட்டது. எழுதிய பெயரில் பாதியைக் காணோம். வந்த பிள்ளைகள் என்னவோ ருசித்துத்தான் சாப்பிட்டார்கள். இரவு படுக்கும்போது மகள், "அடுத்த வருஷம் கடையிலேயே வாங்கிடலாம்மா, உனக்கும் கஷ்டம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்காகப் பரிதாபப்பட்டாளே, அதுதான் மனசை உறுத்தியது.

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாற்பது தாண்டி இதெல்லாம் வருமா என்று புலம்பினேன். மாமியார்தான், "நட்சத்திர அச்சுல முறுக்குப் பிழியுற, வாசல்ல இருபத்தோரு புள்ளிக் கோலம் போடுற. இது என்ன பெரிய வித்தை?" என்றார்கள். யோசித்துப் பார்த்தால், வாஸ்தவம்தானே!

பட்டர் ஐஸிங்குக்கு உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், ஐஸிங் சர்க்கரை 200 கிராம், வெனிலா எசென்ஸ் அரை டீஸ்பூன், பால் ஒரு டேபிள்ஸ்பூன் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற அளவுக்கு வெண்ணெய் இளகியிருக்க வேண்டும்; உருகிவிடக் கூடாது. அதை வெளுக்கும் வரை நன்றாக அடித்து, சலித்த சர்க்கரையை மூன்று தடவையாகச் சேர்த்து அடியுங்கள். இறுகினால் சில சொட்டுப் பால், தளர்ந்தால் இன்னும் கொஞ்சம் சர்க்கரை. சர்க்கரையை வீட்டிலேயே பொடிப்பவர்கள் ஒரு கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளவர் சேர்த்து மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் சலியுங்கள். ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் நாஸிலில் அடைத்துக்கொள்ளும். கலரை டப்பாவிலிருந்து ஊற்றாதீர்கள். பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டுச் சேர்த்தால் போதும்.

கேக் உள்வரை ஆறியிருக்க வேண்டும். அவசரமே கூடாது. முதலில் மெல்லிசாக ஒரு பூச்சுத் தடவி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். உதிரும் தூளெல்லாம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு போடும் இரண்டாவது பூச்சு மழமழவென்று இருக்கும்.

இனிமேல்தான் பூ. பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, நுனியை வெட்டி நாஸிலைப் போட்டு, பாதி மட்டும் நிரப்பி, மேல்பக்கத்தை முறுக்கிக்கொள்ளுங்கள். வலது கை அழுத்த, இடது கை வழி காட்டட்டும். நட்சத்திரப் பூவுக்குக் கூம்பை நேராகப் பிடித்து அழுத்தி, அழுத்துவதை நிறுத்திய பிறகே தூக்க வேண்டும். அழுத்திக்கொண்டே தூக்கினால் வால் முளைக்கும்! எழுதும்போது நுனியைக் கேக்கில் உரசாமல் சற்று உயரத்திலேயே பிடித்தால், கோல மாவு விழுவதுபோல இழை தானாக விழும்.

எடுத்த எடுப்பில் கேக்கின் மேல் வேண்டாம். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் பழகுங்கள். வழித்துப் போட்டுத் திரும்பவும் பிழியலாம், ஒன்றும் வீணாகாது. கைச்சூட்டில் ஐஸிங் இளகினால் கூம்பை ஐந்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கோடையில் நான் விடியற்காலையிலேயே முடித்துவிடுகிறேன்.

முட்டையின் வெள்ளைக் கருவில் செய்யும் ராயல் ஐஸிங் காய்ந்தால் நன்றாகக் கெட்டிப்படும். ஆனால் பச்சை முட்டை சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டவே வேண்டாம்.

இந்த ஏப்ரலில் ரோஸ் நிறப் பூக்கள் பதினெட்டு வைத்தேன். இரண்டு கோணல். பெயரின் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது. ஆனால் என் மகள் கடையைப் பற்றிப் பேசவே இல்லை. என்னைக் கேட்காமலே இரண்டு தோழிகளைக் கூடுதலாக அழைத்திருந்தாள்!

ஆகவே, பெயரை முதலில் குச்சியால் லேசாகக் கீறிப் பார்த்துக்கொண்டு பிறகு எழுதுங்கள். அந்தப் புத்தி எனக்குப் பிறகுதான் வந்தது.