சட்டம் சென்னையில், பேரம் சிதம்பரத்தில்

குவைத்தின் மங்காஃப் பகுதியில் 2024 ஜூன் 12 அன்று தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் பற்றிய தீக்கு 45 இந்தியர்கள் பலியானார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். ஒருவர் கடலூர் மாவட்டத்துக்காரர். அரசு அப்போது காட்டிய வேகத்தைக் குறை சொல்ல முடியாது. இரண்டே நாளில் விமானப் படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இறந்த தமிழர்களின் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாயைத் தமிழக அரசு அறிவித்தது. உயிர் போன பிறகு இவ்வளவு சுறுசுறுப்பாக இயங்கும் அரசு, ஒருவர் விசாவுக்குப் பணம் கட்டும் நாளில் எங்கே இருக்கிறது?

ஏட்டளவில் அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது. 1983-ன் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் பெற்ற முகவர் மட்டுமே ஆள் சேர்க்கலாம். முழு உரிமத்துக்கு 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். தொழிலாளரிடம் அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. குடிபெயர்வு அனுமதி பெற்றுச் செல்பவருக்கு விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு உண்டு. இவற்றையெல்லாம் கண்காணிக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

பேரம் நடப்பதோ கடலூர் மாவட்டத்தின் சிதம்பரத்திலும் காட்டுமன்னார்கோவிலிலும் லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும். பேசுகிறவர் உரிமம் வைத்திருக்கும் முகவர் அல்ல. அவருக்குக் கீழே, இன்னொருவருக்கும் கீழே இருக்கிற உள்ளூர் ஆள். பெரும்பாலும் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திரும்பி வந்தவர், தெரிந்தவர், சில சமயம் சொந்தக்காரர். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ ‘விசா காசு’ அவர் கைக்குப் போகிறது. ரசீது கேட்பது உறவையே சந்தேகிப்பது போலாகிவிடும், யாரும் கேட்பதில்லை. துணை முகவர் என்று ஒருவரைச் சட்டம் ஏற்பதில்லை. இல்லாதவராகச் சட்டம் கருதும் இந்த மனிதர்தான் எந்த நாடு, என்ன வேலை, எவ்வளவு கடன் என்பதையெல்லாம் முடிவு செய்கிறார்.

இவருக்கு முன்னோடி உண்டு. இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்த கங்காணியும் சொந்த ஊரில், சொந்த உறவுக்குள்தான் ஆள் பிடித்தார். 1922-ல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1938-ல் மலாயாவுக்கு இப்படி ஆள் அனுப்புவதை அன்றைய இந்திய அரசு நிறுத்தியது. கங்காணி முன்பணம் கொடுத்துத் தொழிலாளியைக் கடனாளியாக்கினார். இன்று தொழிலாளியே கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கொடுக்கிறார். பணம் போகும் திசை மாறிவிட்டது. கடன் மட்டும் அதே தலையில்.

பத்தாம் வகுப்பு என்னும் கோடு

சட்டத்தின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர், வளைகுடா, மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் மட்டுமே குடிபெயர்வு அனுமதி கட்டாயம். பள்ளிக்கல்வி பரவலாகிவிட்ட தமிழ்நாட்டில் ஐடிஐ, டிப்ளமோ, பொறியியல் முடித்த இளைஞர்களெல்லாம் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். 2015-ல் நடந்த தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வின்படி, வெளிநாடுகளில் இருந்த தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் பேர். அவர்களில் மிகுதியானோர், 4 லட்சத்துக்கு மேல், சிங்கப்பூரில் இருந்தார்கள். அந்தச் சிங்கப்பூர் 18 நாடுகளின் பட்டியலில் இல்லை. ‘டெஸ்ட் அடித்து’, அதாவது தொழில்திறன் தேர்வில் தேறி, அங்கே போகும் கட்டுமானத் தொழிலாளி இந்தப் பாதுகாப்பு வளையத்துக்குள் வருவதே இல்லை.

படித்தவர் ஏமாற மாட்டார் என்னும் நம்பிக்கை 2022-ல் பொய்த்தது. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டவர்கள் ஆங்கிலமும் கணினியும் அறிந்தவர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தன் வாசலில் வைத்திருக்கும் சிதம்பரம் வட்டாரத்துக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. மேலும் 2004-ன் ஆழிப்பேரலை, 2011 டிசம்பரில் பண்ருட்டியின் முந்திரியையும் பலாவையும் சாய்த்த தானே புயல், 2015-ன் பெருவெள்ளம் என்று அடி மேல் அடி வாங்கிய மாவட்டம் இது. இங்கே வெளிநாட்டு வேலை என்பது ஆசையைவிடத் தேவையால் எடுக்கும் முடிவு.

கெடுபிடி தீர்வாகுமா?

கட்டுப்பாட்டைக் கூட்டினால் மக்கள் கள்ள வழியில் போவார்கள் என்பது நியாயமான எச்சரிக்கை. அனுமதி தேவைப்படும் பெண்கள் 30 வயதுக்குமுன் வீட்டுவேலைக்குப் போகக் கூடாது என்ற விதி, பலரைச் சுற்றுலா விசாவில் அனுப்பத்தான் உதவியது. பத்தாம் வகுப்பு தேறியவர்களும் இணையத்தில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் நிறுத்தப்படுவார்கள் என்று 2018-ல் வந்த உத்தரவு எதிர்ப்பால் கிடப்பில் போடப்பட்டது. விமான நிலையத்தில் மறிப்பது பாதுகாப்பு ஆகாது. அதற்குள் கடன் வாங்கியாகிவிட்டது.

கூலியை உயர்த்திக் கேட்டால் வேலை நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் போய்விடும் என்பது இன்னொரு வாதம். இதை நம்பித்தான் 2020 செப்டம்பரில் வளைகுடா நாடுகளுக்கான குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை இந்தியா குறைத்தது. கண்டனம் எழுந்தபின் 2021 ஜூலையில் பழைய நிலைக்குத் திரும்பியது. பிலிப்பைன்ஸோ 2006 முதலே தன் வீட்டுப் பணியாளர்களுக்கு மாதம் 400 டாலருக்குக் குறையாத ஊதியமும், சேர்ப்புக் கட்டண விலக்கும் வேண்டுமென்று நின்றது. மீறல்கள் அங்கும் உண்டு. ஆனாலும் அந்நாட்டுத் தொழிலாளர்களை உலகம் புறக்கணித்துவிடவில்லை.

1983 சட்டத்தை மாற்ற 2019, 2021, 2025 என்று மூன்று முறை வரைவுகள் கருத்துக்கு வைக்கப்பட்டன. அது நடக்கும்போது நடக்கட்டும். மாவட்ட அளவில் இப்போதே செய்யக்கூடியவை மூன்று. கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்தில், முகவரின் உரிமத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் சரிபார்த்துச் சொல்ல ஒரு மேசை போடலாம். 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சிதம்பரத்திலும் காட்டுமன்னார்கோவிலிலும் நேரடியாக ஆள் தேர்வு நடத்தலாம்.

மூன்றாவது, முக்கியமானது, கடன். சட்டம் அனுமதிக்கும் கட்டணத்தைக் கூட்டுறவு வங்கி குறைந்த வட்டியில் கடனாகத் தந்து, உரிமம் பெற்ற முகவரின் கணக்கிலேயே செலுத்தலாம். அப்போது ரசீது தானாக உருவாகும். அதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் சட்டவிரோதம் என்பது வீட்டிலிருப்பவர்களுக்கும் தெரியும். உள்ளூர் ஆள்களையும் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. உரிமம் பெற்றவரின் கீழ் அவர்களைப் பதிவு செய்து, அவர்கள் செய்யும் மோசடிக்கு முகவரின் வங்கி உத்தரவாதத்தைப் பொறுப்பாக்கும் பிரிவைப் புதிய சட்டத்தில் தமிழகம் கேட்டுப் பெற வேண்டும்.

ஆண்டுதோறும் ஜனவரி 12 அன்று அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறோம். 2015 ஆய்வின் கணக்குப்படி, வெளிநாடு சென்றவர்கள் ஓராண்டில் அனுப்பிய பணம் 61,843 கோடி ரூபாய். அந்தப் பணத்தில் பங்கு கேட்கவில்லை அவர்களுடைய ஊர்கள். போகும் முன்பு பட்ட கடனில் பாதியைத் தவிர்த்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கின்றன. அது நலத்திட்டம் அல்ல; ஏற்கெனவே இருக்கும் சட்டத்தைச் சென்னையிலிருந்து சிதம்பரத்துக்குக் கொண்டுவரும் நிர்வாக வேலை.