'பழைய சிட்டி' என்று ஒரு வண்டி இல்லை

"வண்டின்னா அந்தப் பழைய சிட்டிதானுங்க. இப்ப வர்றதெல்லாம் தகரமுங்க." கோவையில் ஹோண்டா சிட்டி பற்றிப் பேச்செடுத்தால் இந்த வாக்கியம் வராமல் இருக்காது. மேட்டுப்பாளையம் ரோட்டுப் பட்டறைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனி வாசலிலும் கல்யாண மண்டப பார்க்கிங்கிலும் இதே தீர்ப்புதான். சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் வைத்திருக்கிற ஊர் இது. இங்கே வண்டியைப் பற்றிப் பேசுகிறவர் பெரும்பாலும் ஓட்டிப் பார்த்துத்தான் பேசுவார். அதனாலேயே இந்தத் தீர்ப்பு கேள்வி கேட்பாரில்லாமல் நிற்கிறது. நான் கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், எந்தப் பழைய சிட்டி? இந்தியாவுக்கு அந்த வண்டி 1998இல் வந்தது. 2003, 2008, 2014, 2020 என்று நான்கு தடவை அடியோடு மாறியது. ஆக ஐந்து தலைமுறை. பழசைப் புகழ்கிறவரிடம் கொஞ்சம் தோண்டிக் கேளுங்கள். எஞ்சின் என்பார், அது 2000இல் வந்த வி-டெக். மைலேஜ் என்பார், அது 2003 வண்டி. அழகு என்பார், 2008. ஹைவேயில் டீசல் இழுத்த இழுப்பு என்பார், 2014. இந்த நான்கும் சேர்ந்த வண்டியை எந்த ஷோரூமும் ஒருநாளும் விற்றதில்லை. நான்கு வண்டிகளின் நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு வண்டியாக்கி, அதைக் கொண்டுவந்து இன்றைய வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்துகிறோம். எதிரே நிற்பது எதுவாக இருந்தாலும் தோற்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் மறந்துபோகிறது. 2003 வண்டி வந்தபோது அதற்கு விழுந்த பேச்சு கொஞ்சமா? மூக்கு சப்பை, முதுகு கூன், எஞ்சினில் உயிரில்லை என்றார்கள். இன்றைக்கு "டால்பின் சிட்டி" என்று செல்லப் பெயரோடு அதே வண்டி கொண்டாடப்படுகிறது. வண்டி மாறவில்லை, வயசாகிவிட்டது, அவ்வளவுதான்.

இனி ஒவ்வொன்றாக வருவோம். தகரம் என்கிற குற்றச்சாட்டுதான் பெரிது.

சொல்கிறவர் காட்டும் ஆதாரம் இரண்டு. புது வண்டியின் கதவை விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது; பைக் லேசாக உரசினாலே நெளிகிறது. இரண்டும் உண்மை. ஆனால் அந்த வெளித்தகடு உயிர் காக்கிற பாகமே இல்லை. அதன் வேலை வண்டிக்கு உருவம் தருவது, மழையையும் காற்றையும் தடுப்பது. உயிர் காப்பது உள்ளே இருக்கிற கூண்டு: முன் கண்ணாடியின் இருபுறத் தூண்கள், இரு கதவுகளுக்கு நடுவில் நிற்கும் தூண், கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், கதவுக்குள்ளே குறுக்கே கிடக்கும் கம்பி. இந்தக் கூண்டின் எஃகுதான் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. டிங்கரிங் பட்டறையில் நின்று பாருங்கள். பக்கவாட்டில் அடிபட்டு வந்த பழைய வண்டியின் நடுத்தூணில் ஸ்பாட் வெல்டிங்கை எடுக்கச் சாதாரண டிரில் பிட் போதும். இன்றைய வண்டிகளின் உயர் வலிமை எஃகுத் தூணில் அதே பிட் முனை மழுங்கிச் சுற்றிக்கொண்டே நிற்கும்; கோபால்ட் பிட் மாற்றித்தான் ஆக வேண்டும். வெளித்தகட்டை விரலால் அழுத்தி இதைக் கண்டுபிடிக்க முடியாது.

தடிமன்தான் வலிமை என்று வேறு ஊர்க்காரர் சொன்னால் விட்டுவிடலாம். பவுண்டரி ஊரான கோவை சொல்லலாமா? கிரே அயர்ன் காஸ்டிங்கைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் உடைகிறது. அதே தடிமனில் எஸ்.ஜி. அயர்ன் வளைந்து தாங்குகிறது. உள்ளே கிராபைட் தகடு தகடாக இருக்கிறதா, உருண்டை உருண்டையாக இருக்கிறதா என்பதில்தான் விஷயம் என்று கணபதியில் உலை போடுகிறவருக்குத் தெரியும். கார் எஃகுக்கும் அதே நியாயம்தான்.

கனமான பழைய காரும் மெலிசான புதுக் காரும் நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும் என்று யூகிக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2009இல் மோதியே காட்டிவிட்டது. ஒரு பக்கம் 1959ஆம் வருஷத்து செவர்லே பெல் ஏர். இரும்பு மலை மாதிரி இருக்கும். எதிர்ப்பக்கம் அதே கம்பெனியின் 2009 மாலிபு, நடுத்தரக் குடும்ப செடான். இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டரில், பாதி முகம் மட்டும் மோதும்படி ஓடின. பெல் ஏரின் கூண்டு நொறுங்கி, ஸ்டீயரிங் ஓட்டுநர் இடத்தில் வைத்த சோதனைப் பொம்மை மேலேயே வந்துவிட்டது. மனிதராக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் சிறு காயம் ஆகும் அளவுக்குத்தான் அடி. முன்பக்கம் நசுங்கியதைப் பார்த்து "அப்பளமாப் போச்சு" என்கிறோமே, அந்த நசுங்கல்தான் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. முன்பக்கம் வாங்காத அடியை உள்ளே இருக்கிறவரின் நெஞ்சு வாங்கும்.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 1998இல் சிட்டி வந்தபோது இந்தியாவில் கார்களுக்கு மோதல் சோதனைக் கட்டாயமே இல்லை. புது மாடல்களுக்கு அது 2017 அக்டோபரில்தான் வந்தது. அந்த முதல் சிட்டியில் ஏர்பேக் கிடையாது. நான்காம் தலைமுறையை குளோபல் என்கேப் என்கிற சோதனை அமைப்பு மோதிப் பார்த்து, இரண்டே ஏர்பேக்கோடு 4 நட்சத்திரம் கொடுத்தது. ஐந்தாம் தலைமுறைக்கு ஆசியான் என்கேப் 5 கொடுத்தது. அது தென்கிழக்காசியச் சந்தையின் வண்டி, இங்கே விற்பதற்கு அதை அப்படியே ஒட்டவைத்துப் பேசக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நட்சத்திரத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் வெர்னா 2023இல் குளோபல் என்கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கியது. அதே அறிக்கை அதன் உடற்கூண்டு நிலையாக இல்லை என்றும் எழுதியது. புது வண்டியைக் குறை சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இந்த மாதிரிக் குறையைச் சொல்லட்டும், நானும் சேர்ந்து சொல்கிறேன். கதவு மூடுகிற சத்தத்தை வைத்துக் குறை சொல்வது ஆகாது. அந்தச் சத்தத்தைக் கதவுக்குள் ஒட்டும் ஷீட்டும் சுற்றிவரும் ரப்பர் பீடிங்குமே மாற்றிவிடும்.

அடுத்தது ஓட்டம். 2000இல் வந்த வி-டெக் 106 குதிரைத்திறன். எடை குறைந்த உடம்பு, முள் மேலே ஏற ஏற மாறுகிற அந்தச் சத்தம், தாழ்ந்த இருக்கை. கோவைப் பையன்கள் அதைக் கொண்டாடியதில் துளி மிகையில்லை. இன்றைக்கும் நல்ல வி-டெக் ஒன்று விலைக்கு வந்தால் அடித்துப் பிடித்து வாங்க ஆள் இருக்கிறது. ஆனால் அடுத்த தலைமுறையில் வந்த ஐ-டி.எஸ்.ஐ எஞ்சின் வெறும் 77. "பழசெல்லாம் பறக்கும்" என்பதில் இந்த 77ஐ எங்கே வைப்பது? 2008இல் 116க்கு ஏறியது, 2020இல் 119. பழனிக்கு அப்பா, அம்மா, சம்சாரம், குழந்தை என்று வண்டி நிறைய ஆளும் டிக்கி நிறைய மூட்டையுமாகப் போகிறவருக்கு, ஏசி ஓடுகிறபோது லாரியைத் தாண்ட எந்த வண்டி உதவும் என்பதில் பெரிய விவாதம் தேவையில்லை. பழைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங் சாலையைக் கைக்குச் சொல்லும். இன்றைய மின் ஸ்டீயரிங் அந்த அளவுக்குச் சொல்லாது. இதை மறுக்க மாட்டேன். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவையும் ரசித்து ஏற நினைக்கிறவருக்கு அது உண்மையான நஷ்டம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு, அது கம்பெனியின் கஞ்சத்தனம். இத்தனை லட்சம் வாங்கிக்கொண்டு பெட்ரோல் சிட்டியின் பின்சக்கரத்துக்கு இன்னும் டிரம் பிரேக்கைக் கொடுத்துக்கொண்டிருப்பது சரியில்லை. ஹைபிரிட் வண்டிக்கு நான்கிலும் டிஸ்க் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை.

மைலேஜில் எதிர்த்தரப்புக்குப் பாதி நியாயம் உண்டு. 2014இல் வந்த டீசல் சிட்டிக்குக் கம்பெனி சொன்ன கணக்கு லிட்டருக்கு 26 கிலோமீட்டர். வாரம் ஒருதடவை சென்னை போய்வரும் திருப்பூர் எக்ஸ்போர்ட்காரருக்கும், ஈரோட்டு மஞ்சள் வியாபாரிக்கும் அந்த வண்டி சோறு போட்டது. 2023 ஏப்ரலில் சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் விதி வந்ததோடு டீசல் சிட்டி நின்றுபோனது. அந்த இடத்தை இன்றைய சாதாரண பெட்ரோல் வண்டி நிரப்பவில்லை. கம்பெனிக் கணக்கே மேனுவலில் 17.8தான். 2022இல் வந்த ஹைபிரிட்டுக்கு 26.5. அவிநாசி ரோட்டில் மேம்பாலத்துக்குக் கீழே சிக்னல் சிக்னலாக நின்று போகும்போதுதான் அதன் அருமை தெரியும். மெதுவாகப் போகையில் சக்கரத்தைச் சுற்றுவது மின் மோட்டார். எஞ்சின் கரண்ட் தயாரித்துக் கொடுக்கும், தேவை இல்லாதபோது நின்றே போகும். ஹைவே வேகம் வந்ததும் எஞ்சின் நேராகச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய வண்டி எதுவும் நெரிசலில் இப்படிச் சிக்கனம் செய்ததில்லை. ஆனால் விலை பல லட்சம் கூட. பேட்டரிக்கு இடம் போனதில் 506 லிட்டர் டிக்கி 306 ஆகிவிட்டது. பொண்ணு வீட்டுக்குச் சீர்த் தட்டும் பலகாரக் கூடையும் ஏற்றுகிற குடும்பம் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

இடம் பற்றி நீட்டத் தேவையில்லை. நான்காம் தலைமுறையைவிட ஐந்தாவது 109 மில்லிமீட்டர் நீளம், ஆனால் சக்கரங்களுக்கு நடுவிலான தூரம் அதே 2,600. நீளத்தில் பெரும்பகுதி மூக்குக்கும் வாலுக்கும்தான் போயிருக்கிறது. அகலம் 53 மில்லிமீட்டர் கூடியதுதான் பின் சீட்டில் மூன்று பேர் உட்காரும்போது தோளுக்கு உதவுகிறது. தோட்டத்துச் சாளைக்கு இட்டேரி வழியாகத் தினமும் போகிறவருக்கு எந்தத் தலைமுறை செடானும் வசதிப்படாது. அதில் பழசு புதுசு இல்லை.

"பழசுன்னா நம்ம மெக்கானிக்கே பாத்துக்குவாருங்க, புதுசு கம்ப்யூட்டர் வண்டி." இதைச் சொல்கிறவர் அம்பாசிடரை மனதில் வைத்துச் சொல்கிறார். சிட்டி 1998இல் வந்தபோதே கார்புரேட்டர் இல்லாத வண்டி. பெட்ரோலை அளந்து ஊற்றியது அன்றைக்கும் கம்ப்யூட்டர்தான். இன்று எளிமையின் இலக்கணமாகப் பேசப்படும் 2003 வண்டியில் நான்கு சிலிண்டருக்கு எட்டு ஸ்பார்க் பிளக். அதைப் பார்த்து அன்றைக்குத் தலையில் கைவைத்த மெக்கானிக்குகள்தான் பிறகு பழகிக்கொண்டார்கள்; இன்று சின்னப் பட்டறையிலும் ஸ்கேனர் இருக்கிறது. உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஹெட்லைட்டில் ஒரு பல்பு போனால் பல்பை மாற்றினோம், எல்.இ.டி. போனால் பெரும்பாலும் முழு யூனிட். 2022இல் ஹைபிரிட்டிலும் 2023இல் பெட்ரோலிலும் முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வந்தது. எதிரே இருப்பதைப் பார்த்துத் தானே பிரேக் பிடிக்கும். கல் பட்டு அந்தக் கண்ணாடியை மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். அது தெருமுனைப் பட்டறை வேலை இல்லை. சாலையில் வெள்ளைக் கோடே இல்லாத இடத்தில் வண்டியைக் கோட்டுக்குள் வைத்திருக்கும் வசதியாலும் பயனில்லை. ஆனால் நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸில் இரவில், எதிர் லாரி வெளிச்சத்தில் கண் கூசுகிற ஒரு நொடியில் அந்தக் கேமரா ஒரே ஒரு தடவை பிரேக் பிடித்தால்கூட, அதற்குக் கொடுத்த காசைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

இனி, இதையெல்லாம் எழுத வைத்த காரணம். தகரப் பேச்சு டீக்கடையோடு நின்றிருந்தால் எனக்குக் கவலையில்லை. நம் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. புது வண்டி வாங்கியதும் அப்பா அதை எடுத்துக்கொள்வார். பழைய வண்டி, புதிதாக லைசென்ஸ் வாங்கிய பையனுக்கோ பொண்ணுக்கோ போகும். "பழைய வண்டி கெட்டி, இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது, பழகட்டும்" என்பார்கள். வீட்டிலேயே அனுபவம் குறைந்த கைக்கு, வீட்டிலேயே பாதுகாப்புக் குறைந்த வண்டி. அதுவும் பாசத்தோடு, நல்லது செய்கிற நினைப்பில் கொடுக்கப்படுகிறது. காலேஜுக்கு அவிநாசி ரோட்டிலும் பொள்ளாச்சி ரோட்டிலும் போகிற பிள்ளைகள் அவர்கள்.

கொடுப்பதென்றால் ஏபிஎஸ்ஸும் இரண்டு ஏர்பேக்கும் உள்ள வண்டியாகக் கொடுங்கள். 2003 வாக்கில் தொடங்கி அடுத்த பத்து வருஷத்து வண்டி என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. அந்தக் காலத்து சிட்டிகள் பலவற்றில் டகாட்டா கம்பெனியின் ஏர்பேக் இன்ஃபிளேட்டர் இருந்தது. வெடிக்கும்போது உலோகத் துண்டு சிதறி ஆளையே குத்தும் அபாயம் உலகெங்கும் தெரியவந்ததால், இந்தியாவிலும் ஹோண்டா பல தவணைகளில் வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தது. இரண்டு மூன்று கை மாறிய வண்டியில் அந்த வேலை நடந்ததா என்று விற்றவருக்கே தெரிந்திருக்காது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் கொடுத்துக் கேளுங்கள். பிறகு சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றாலும், அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும், அதைச் சரிபார்க்கும்வரை பிள்ளை பஸ்ஸிலேயே போகட்டும்.