“ஜெபித்துச் சொல்கிறேன், ஐயா”



நம் சபைகளில் அதிகமாகச் சொல்லப்படும் வாக்கியம் எது? “ஜெபித்துச் சொல்கிறேன், ஐயா” என்பதே. ஓய்வுநாள் பாடசாலைக்கு ஓர் ஆசிரியர் தேவை என்றால், ஜெபித்துச் சொல்கிறோம். பேச்சுவார்த்தையற்றுப் போன தம்பியோடு ஒப்புரவாகுங்கள் என்றாலும், ஜெபித்துச் சொல்கிறோம். ஆனால் அசனத்துக்கு வாருங்கள் என்று அழைத்தால், ஜெபிக்க அவகாசம் கேட்டவர் இதுவரை ஒருவருமில்லை. இலை போடுமுன்னே தேவசித்தம் நமக்கு வெளிப்பட்டுவிடுகிறது!

தள்ளிப்போடுதலை உலகத்தார் சோம்பல் என்று நேர்மையாக அழைக்கிறார்கள். நாமோ அதற்கு வெள்ளையங்கி உடுத்தி, ‘காத்திருத்தல்’ என்று ஞானஸ்நானப் பெயரும் சூட்டியிருக்கிறோம். என் வழக்கு சோம்பலோடு அன்று, இந்தப் பெயரோடுதான்.

எகிப்தின் பார்வோனைப் பாருங்கள். படுக்கையிலும் அடுப்பிலும் மாவு பிசைகிற தொட்டியிலும் தவளைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. இவை நீங்கும்படி எப்பொழுது விண்ணப்பம் செய்ய வேண்டும் என்று மோசே கேட்கிறார். அவன் கேட்ட தவணை, மறுநாள்! இன்னும் ஓர் இரவு தவளைகளோடு படுத்துறங்க அவனுக்குச் சம்மதம். சிரிக்கிறீர்களா? நம் வீட்டுக் கட்டிலின் கீழும் சற்றுக் குனிந்து பார்ப்போம்.

பார்வோனாவது பக்தன் போல் பேசவில்லை. பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய ஜனங்கள் பக்தியாகவே பேசினார்கள். தேவாலயத்துக்கு அஸ்திபாரம் போட்டார்கள். எதிர்ப்பு எழுந்தது, வேலை நின்றது. பின்பு 15 ஆண்டுகள் போல அதை அப்படியே விட்டுவிட்டு, கர்த்தருடைய வேளை இன்னும் வரவில்லை என்றார்கள். ஆனால் அவரவர் வீட்டுக்கு மச்சுப்பாவ மட்டும் வேளை தவறாமல் வந்திருந்தது. கி.மு. 520-ல் ஆகாய் தீர்க்கதரிசி எழும்பிக் கேட்ட கேள்வியின் சாரம் இதுதான்: உன் வீட்டுக்கு வந்த வேளை என் வீட்டுக்கு மட்டும் வராமற்போனது எப்படி?

“கர்த்தருக்குக் காத்திருக்கும்படி வேதமே சொல்கிறதே” என்பீர்கள். மெய்தான். ஆனால் காத்திருக்கிறவன் தன் பங்கைச் செய்துவிட்டுக் காத்திருக்கிறான். நோவா பேழையைக் கட்டி முடித்த பின்பே கர்த்தர் கதவை அடைத்தார். நோவா மரம் வெட்டாமல் மழைக்காக ஜெபித்துக்கொண்டிருந்தால், நாம் இன்று இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

ஏழாயிரம்பண்ணைக்காரருக்கு இதை நான் போதிக்க வேண்டியதில்லை. நம் தொழிலே போதிக்கிறது. அன்று கலந்த மருந்தை அன்றே செலுத்தி முடிக்க வேண்டும். மிச்சம் வைத்து அறையைப் பூட்டக் கூடாது. நைட்ரேட்டோடு கலந்த அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால், ஒருவரும் தீக்குச்சி கிழிக்காமலே உள்ளுக்குள் சூடேறித் தானே தீப்பற்றக்கூடும். பூட்டிய அறைக்குள் அது நாளைவரை அமைதியாக இராது.

மனஸ்தாபமும் அப்படியே. சூரியன் அஸ்தமிக்குமுன் கோபம் தணிய வேண்டும் என்று பவுல் எபேசியருக்கு எழுதினார். அந்த மருந்தை மட்டும் நாம் வருஷக்கணக்காய்ப் பூட்டி வைத்துக்கொண்டு, “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்கிறோம்.

2021 பிப்ரவரி 12 அன்று நம் அருகிலுள்ள அச்சங்குளத்தில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். காலையில் தூக்குவாளியோடு புறப்படுகிறவர் மாலையில் திரும்புவார் என்பது உறுதியல்ல என்று கண்ணீரோடு கற்ற ஊர் இது. நாளை என்பது நம் கையிருப்பில் இல்லை. இதை அறிந்தும் தள்ளிப்போடுகிறவன் காத்திருக்கவில்லை, கீழ்ப்படிய மறுக்கிறான்.

ஆகையால் ஜெபியுங்கள், தாராளமாய் ஜெபியுங்கள். எதைச் செய்வதென்று தெரியாதபோது நாள்கணக்காகவும் ஜெபியுங்கள். ஆனால் தெளிவாய்த் தெரிந்த கடமைக்கு ஒரு நிமிட ஜெபம் போதும். “ஆமென்” சொன்ன கையோடு தம்பிக்குப் போன் செய்யுங்கள். பல மாதமாய்த் தள்ளிப்போட்ட நெஞ்சுச் சளிப் பரிசோதனைக்கு நாளைக் காலை அல்ல, இன்றைக்கே புறப்படுங்கள். ஓய்வுநாள் பாடசாலைக்கு இன்னும் ஆசிரியர் தேவை. அதற்கும் இன்றே பதில் சொல்லலாம்.

கர்த்தர்தாமே இன்றைய தினத்தை உங்களுக்கு ஆசீர்வதிப்பாராக. ஆமென்.